தாங்கல் என்னும் பெயர்

பரங்கிமலை உச்சியில் நின்று கீழே நோக்குவோமாயின், ஒரு புறநகரின் வரலாறே விரிந்து கிடக்கக் காண்போம். ஏறத்தாழ 300 அடி உயரமே உள்ள இக்குன்றின் மீது 1523-இல் போர்த்துக்கீசியர் ஆலயம் எழுப்பினர். இங்கு வரும் திருப்பயணியர் இடருறாதபடி, அர்மேனிய வணிகர் உஸ்கான் மலைக்குக் கற்படிகளும், 1726-இல் சைதாப்பேட்டையருகே அடையாற்றின் மீது பாலமும் தம் பொருளால் அமைத்தார். 1802-இல் லாம்ப்டன் என்னும் ஆங்கிலப் படை அதிகாரி, இம்மலைக்குத் தெற்கே ஏழரை மைல் நிலத்தை நூறடிச் சங்கிலி கொண்டு 57 நாள்கள் அளந்தார். இந்தியப் பெருநில அளவைக்கு அதுவே அடிக்கோடாயிற்று.

இன்று அந்நிலமெங்கும் மாடிகளே தெரிகின்றன. 'அங்கே நெல் விளைந்தது' என நம் பங்குப் பெரியோர் விரல் நீட்டும் திசையில் வயலேதும் இல்லை. ஆயினும் மலையடிவாரத்து ஊரின் பெயர் பழவந்தாங்கல். தாங்கல் என்பது பாசனத்திற்கான சிறு ஏரியன்றோ! நாம் மறந்ததை ஊர்ப்பெயர் மறக்கவில்லை.

நீரும் மறக்கவில்லை. 2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டபோது மீனம்பாக்கம் விமான நிலையத்தின் ஓடுபாதை நீரில் மூழ்கியது. சில நாள்கள் விமானங்கள் பறக்கவில்லை. வேளச்சேரித் தெருக்களில் படகுகள் சென்றன.

உஸ்கான் ஆற்றுக்கு வழிவிட்டுப் பாலம் கட்டினார். நாமோ ஏரிக்குள்ளேயே இல்லம் கட்டினோம். குறை பிறருடையதன்று, அவ்வில்லங்களில் வாழ்வோரும் நாமே. மலையேறி மன்றாடும் நாம், இறங்கும்முன் ஒருகணம் கீழே நோக்கி, எஞ்சியுள்ள நீர்நிலைகளையேனும் எண்ணிப் பார்ப்போமா?