வாழ்த்து மடலும் மடித்த தாளும்



1840-ஆம் ஆண்டுக்கு முன் இங்கிலாந்தில் ஒரு கடிதம் அனுப்புவது எளிய செயலன்று. கடிதம் செல்லும் தொலைவையும், அதில் உள்ள தாள்களின் எண்ணிக்கையையும் கணக்கிட்டுக் கட்டணம் வாங்கினார்கள். பெரும்பாலும் கடிதத்தைப் பெறுகிறவரே அதைச் செலுத்த வேண்டும். உறையும் ஒரு தாளாகவே கணக்கிடப்பட்டது. ஆதலால் உறை என்பதே வேண்டாம் என்று, எழுதிய தாளையே பக்குவமாக மடித்து, ஓரத்தை உள்ளே செருகி, அரக்கு முத்திரை இட்டு அனுப்பினார்கள். சிக்கனம் கற்றுக் கொடுத்த கைத்திறன் இது.

இத்திறன் அன்பைத் தெரிவிக்கும் மடல்களில் விளையாட்டாகவும் வளர்ந்தது. சதுரத் தாள் ஒன்றைக் காற்றாடி போல் நான்கு புறமும் மடித்துப் பை போல் ஆக்குவார்கள். பெற்றவர் ஓர் இதழைப் பிரித்தால் ஒரு வரி. அடுத்த இதழைப் பிரித்தால் அடுத்த வரி. முழுதும் விரித்த பின்னரே நடுவில் உள்ள செய்தி புலப்படும். சிறு கத்தரியால் பூவேலை வெட்டியும், ஊசியால் நுண்துளைகள் இட்டும் அழகு செய்த மடல்கள் பதினெட்டாம் நூற்றாண்டிலிருந்து இன்றும் அருங்காட்சியகங்களில் காக்கப்பட்டு வருகின்றன. அவை ஒவ்வொன்றும் ஒருவர் கையால், ஒருவருக்கென்றே செய்யப்பட்டவை.

1840-இல் ரோலண்டு ஹில் என்பவரின் முயற்சியால் பென்னித் தபால் முறை வந்தது. அரை அவுன்ஸ் எடைக்குள் இருந்தால், நாட்டின் எந்த மூலைக்கும் ஒரே ஒரு பென்னிதான். கடிதங்கள் பெருகின. பெருகியதால் ஒரு புதிய தொல்லையும் பிறந்தது: வந்த கடிதங்களுக்கெல்லாம் மறுமொழி எழுத வேண்டுமே! அத்தபால் சீர்திருத்தத்தில் ஹில்லுக்குத் துணை நின்ற ஹென்றி கோல் என்பவரே அத்தொல்லைக்கு ஆளானார். பிற்காலத்தில் இலண்டனில் சவுத் கென்சிங்டன் அருங்காட்சியகத்தை உருவாக்கியவர் அவர். ஓயாத அலுவல் உடையவர். 1843-இல் கிறிஸ்துமஸ் நெருங்கியபோது, ஜான் கால்காட் ஹார்ஸ்லி என்ற ஓவியரைக் கொண்டு ஒரு படம் வரையச் செய்து, ஏறத்தாழ ஆயிரம் படிகள் அச்சிட்டார். மேலே பெறுபவர் பெயருக்கு ஓர் இடம், கீழே அனுப்புபவர் பெயருக்கு ஓர் இடம், இடையில் வாழ்த்து. தமக்கு வேண்டியது போக எஞ்சியவை ஒரு ஷில்லிங் விலைக்கு விற்பனைக்கு வந்தன. ஒரு ஷில்லிங் என்பது பன்னிரண்டு பென்னி. அஞ்சல் கட்டணத்தைப் போல் பன்னிரண்டு மடங்கு விலை! படத்தில் குடும்பத்தார் கூடி மது அருந்துவதும், குழந்தைக்கும் ஒரு வாய் கொடுப்பதும் காணப்பட்டதால் மதுவிலக்கு அன்பர்கள் சினந்தார்கள் என்பது வேறு கதை.

நாம் கருத வேண்டியது ஒன்று உண்டு. முதல் அச்சுக் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை, எழுதுவதற்கு நேரம் இல்லாத ஒருவருக்காகப் பிறந்தது. இன்று கைப்பேசியில் வந்த வாழ்த்தை அப்படியே நூறு பேருக்குத் தள்ளிவிடுகிறோமே, அதன் மூதாதை இதுவே. ஆயினும் கோலின் அட்டைக்கும் கைதான் வண்ணம் தீட்டியது. அச்சு இயந்திரம் கோடுகளை மட்டுமே தந்தது.

கடலுக்கு அப்பால், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வூஸ்டர் என்னும் ஊர். அங்கே புத்தகமும் எழுதுபொருளும் விற்ற ஒரு வணிகரின் மகள் எஸ்தர் ஹௌலண்டு. 1847-இல் மவுண்ட் ஹோலியோக் கல்விக்கூடத்தில் படிப்பை முடித்து வீடு திரும்பிய அவருக்கு, இங்கிலாந்திலிருந்து வந்த ஓர் அன்பு மடல் கிடைத்தது. இதைவிட அழகாக நாமே செய்யலாமே என்று தோன்றியது. சரிகைபோல் துளையிட்ட தாளையும் வண்ணக் காகிதங்களையும் தருவித்து, வீட்டிலேயே சில மாதிரிகள் செய்தார். வணிகத்தின் பொருட்டு வெளியூர் சென்ற தமையனிடம் அவற்றைக் கொடுத்தனுப்பினார். இருநூறு டாலருக்கு ஆர்டர் கிடைத்தால் போதும் என்றிருந்தவருக்கு ஐயாயிரம் டாலருக்கு ஆர்டர் வந்தது என்பார்கள். தொகை சற்று ஏறியும் இறங்கியும் இருக்கலாம். ஒருவர் கை போதவில்லை என்பது மட்டும் உறுதி.

எனவே தோழியரை அழைத்தார். வீட்டின் மாடி அறையில் நீண்ட மேசை இட்டு வேலையைப் பகுத்தார். ஒருத்தி படங்களைக் கத்தரிப்பாள். அடுத்தவள் வண்ணத்தாளை அடியில் ஒட்டுவாள். மற்றொருத்தி அதன்மேல் சரிகைத் தாளைப் பொருத்துவாள். அடியில் வைத்த சிறு வண்ணத்தாள் சரிகையின் துளைகள் வழியே ஒளிர்வதே அவருடைய மடல்களின் தனிச்சிறப்பு. வாங்குகிறவருக்கு உள்ளே உள்ள பாட்டு பிடிக்கவில்லையா? வேறொன்றைத் தேர்ந்து அதன்மேல் ஒட்டிக்கொள்ளப் பாட்டுகள் அச்சிட்ட ஒரு சிறு நூலையும் 1879-இல் வெளியிட்டார். பெண்கள் தொழில் நடத்துவது அரிதாயிருந்த அந்நாளில் பல பெண்களுக்கு ஊதியம் அளித்த அவரைப் பாராட்டாமல் இருக்க இயலாது. 1881-இல் அத்தொழிலை ஜார்ஜ் விட்னி என்பவருக்கு விற்றுவிட்டார்.

ஆனால் ஒரு கேள்வி எழுகிறது. அந்த மேசையில் உருவான மடல்கள் யாவும் கையால் செய்தவையே. அதில் ஐயம் இல்லை. எனினும் நாள் முழுதும் கத்தரித்துக்கொண்டே இருந்த பெண், ஒரு மடலை முதலிலிருந்து முடிவு வரை எண்ணிப் பார்த்திருப்பாளா? கை உழைத்தது, கருத்து வேறொருவருடையது. கையால் செய்தது என்ற பெயர் ஒன்றே ஒரு பொருளுக்குப் பெருமை ஆகாது என்பது என் துணிபு. செய்கிறவரின் அறிவும் அதனுள் புக வேண்டும்.

ஏறத்தாழ இதே காலத்தில் ஜெர்மனியில் ஒருவர் இதை நன்கு உணர்ந்திருந்தார். அவர் பிரெடரிக் ஃபுரோபெல். 1837-இல் பிளாங்கன்பர்க் என்னும் சிற்றூரில் இளங்குழந்தைகளுக்காக ஒரு பள்ளியைத் தொடங்கி, 1840-இல் அதற்குக் கிண்டர்கார்ட்டன், அதாவது குழந்தைகளின் தோட்டம், என்று பெயரிட்டார். அங்கே தாளை மடித்தல், வெட்டுதல், பின்னுதல், ஊசியால் துளையிடுதல் ஆகியவை பொழுதுபோக்காக அல்ல, பாடமாகவே இருந்தன. ஒரே சதுரத் தாளிலிருந்து குழந்தை மூவகை வடிவங்களைக் காண வேண்டும் என்றார். படகு, வீடு போன்றவை வாழ்க்கை வடிவங்கள். பூக்கோலம் போன்றவை அழகு வடிவங்கள். முக்கோணமும் சதுரமும் பாதியும் காலும் அறிவு வடிவங்கள்.

குழந்தைகள் தாள் மடிப்பதைக் கண்டு ஓர் அரசு அஞ்சும் என்று யாராவது நினைப்பார்களா? 1851 ஆகஸ்டில் பிரஷ்ய அரசு கிண்டர்கார்ட்டன்களைத் தடை செய்தது. நாத்திகத்தையும் சமவுடைமைக் கொள்கையையும் அவை பரப்புகின்றன என்பது குற்றச்சாட்டு. ஃபுரோபெலின் உறவினர் கார்ல் ஃபுரோபெல் எழுதிய ஒரு சிறு நூலை இவருடைய கொள்கையோடு குழப்பிக்கொண்டதே அதற்குக் காரணம். முதியவர் எடுத்துரைத்தும் பயனில்லை. தடை நீங்குவதைக் காணாமலேயே 1852 ஜூன் மாதத்தில் அவர் மறைந்தார். 1860-இல்தான் தடை விலக்கப்பட்டது. அதற்குள் அவருடைய மாணவர்கள் அக்கல்வியைப் பிற நாடுகளுக்குக் கொண்டு சென்றுவிட்டனர்.

அவ்வாறு பரவிய வண்ணத்தாள் கட்டு ஒன்று நம் சென்னை மாகாணத்தையும் எட்டியது. கிண்டர்கார்ட்டன் பரிசு எண் எட்டு என்று அதற்குப் பெயர். பல நிறங்களில் இருநூறு சதுரத் தாள்கள் அடங்கியது. அதைக் கண்ட டி. சுந்தர ராவ் என்பவர், குழந்தைகளுக்கான இத்தாளைக் கொண்டு வடிவ கணிதம் முழுவதையும் கற்பிக்கலாமே என்று சிந்தித்தார். 1893-இல் சென்னை அடிசன் நிறுவனத்தின் வாயிலாகத் தாள் மடிப்பில் வடிவ கணிதப் பயிற்சிகள் என்னும் பொருள்படும் ஆங்கில நூலை வெளியிட்டார். கவராயம் வேண்டா, சதுரத் தாளும், ஒரு சிறு கத்தியும், நீளங்களைக் குறிக்கச் சில தாள் துண்டுகளும் போதும். கெட்டிங்கன் பல்கலைக்கழகத்தின் பெருங்கணித மேதை ஃபெலிக்ஸ் கிளைன் தம் நூலில் இதைச் சுட்டினார். அதைக் கண்ட அமெரிக்கப் பேராசிரியர்கள் பீமனும் ஸ்மித்தும் இதைப் பதிப்பித்து 1901-இல் சிக்காகோவில் வெளியிட்டனர். இவ்வளவும் நிகழ்ந்த பின்னரும் நம் பள்ளிகளில் இப்பெயரை அறிந்தவர் மிகச் சிலர். எனக்கு இதில் மனக்குறை உண்டு.

ஒரு சதுரத்தில் சமபக்க முக்கோணம் காண்பது எப்படி? சதுரத்தை இடவலமாகச் சரிபாதி மடித்து விரியுங்கள். நடுவில் ஒரு நேர்கோடு கிடைக்கும். கீழ் இடமூலையை அசையாமல் வைத்து, கீழ் வலமூலையைத் தூக்கி அந்நடுக்கோட்டின்மேல் படியுமாறு மடியுங்கள். அது தொட்ட புள்ளியையும் இரு கீழ்மூலைகளையும் இணைத்தால் முக்கோணம் வந்துவிடும். ஏன்? தூக்கிய விளிம்பு சதுரத்தின் பக்கமே அல்லவா? நடுக்கோட்டில் உள்ள புள்ளி இரு மூலைகளுக்கும் சம தொலைவு அல்லவா? நிரூபணம் முடிந்தது!

இனி, வரும் பொங்கலுக்கு நீங்களே ஒரு மடல் செய்வதாக வைத்துக்கொள்வோம். பழைய திருமண அழைப்பிதழில் ஒரு புறம் வெறுமையாக இருக்கும் தடித்த தாள் நல்லது. கெட்டியான தாளை வெறுமனே மடித்தால் ஓரம் வெடிக்கும். மடிக்க வேண்டிய இடத்தில் அளவுகோலை வைத்து, கத்தியின் மழுங்கிய புறத்தால் ஒரு கோடு அழுத்திய பின் மடியுங்கள். மைதா மாவைத் தண்ணீரில் காய்ச்சிய பசை போதும். மெல்லிதாகத் தடவி, கனமான புத்தகத்தின் அடியில் ஓர் இரவு வையுங்கள். அவசரப்பட்டு எடுத்தால் தாள் சுருண்டுகொள்ளும்.

திறக்கும்போது பொங்கல் பானை எழுந்து நிற்க வேண்டுமா? மற்றொரு தாளை இரண்டாக மடித்து, மடிப்பின் விளிம்பிலிருந்து உள்நோக்கி ஒரே நீளத்தில் இரு இணை வெட்டுகள் இடுங்கள். தாளை விரித்து, இடையில் உள்ள பட்டையை உட்புறம் தள்ளினால் அது ஒரு படிக்கட்டு போல நிற்கும். அதன் முகப்பில் பானையின் படத்தை ஒட்டி, இத்தாளை மடலின் உள்ளே பொருத்திவிடுங்கள். பானை பட்டையைவிட உயரமாக இருக்க வேண்டாம். வெட்டின் நீளம் தாளின் ஒரு மடிப்பு அகலத்தில் பாதியை மீறலாகாது; மீறினால், மடலை மூடிய பிறகும் பட்டையின் முனை வெளியே எட்டிப் பார்க்கும். அது ஏன் சரியாகப் பாதி என்பதை நான் சொல்லப் போவதில்லை. தாளும் கத்தரியும் உங்கள் கையில் இருக்கின்றன.