ஓய்வு நாள் யாருக்கு?

ஜிம்மில் சேரும் நம் பிள்ளைகள் முதலில் கேட்பது, "வாரத்துக்கு எத்தனை நாள் வெயிட் தூக்கணும், மாஸ்டர்?" என்பதுதான். நல்ல மாஸ்டர் ஓய்வு நாளையும் சேர்த்தே சொல்வார். எடை தூக்கும்போது தளரும் தசை, சாப்பாடும் உறக்கமும் ஓய்வும் கிடைத்தால்தான் தேறி வலுக்கும்.

அந்த ஓய்வு நாளுக்கு நம் தூத்துக்குடியில் ஒரு வரலாறு உண்டு. 1908 பிப்ரவரி 27 அன்று கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். கூலி உயர்வு, வேலை நேரக் குறைப்பு, ஞாயிறு விடுமுறை கேட்டார்கள். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் உடன் நின்றார்கள். சில நாட்களிலேயே நிர்வாகம் பணிந்தது. மார்ச் 12 அன்று இருவரையும் வெள்ளை அரசு கைது செய்தது. சிறையில் வ.உ.சி. செக்கிழுத்தார்.

1946இல், வைஸ்ராய் நிர்வாகக் குழுவின் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த பாபாசாகேப் அம்பேத்கர் கொண்டுவந்த சட்டத் திருத்தத்தால், ஆண்டு முழுதும் இயங்கும் தொழிற்சாலைகளில் வார வேலை நேரம் 54இலிருந்து 48 மணியாகக் குறைந்தது.

ஆனால் உப்பளத்தில்? அங்கே தலித் பெண்கள் பலர் இன்றும் தினக்கூலிகள். உப்புநீரில் கால் புண்ணாகிறது. வெயில் பட்ட உப்பின் வெளிச்சத்தில் கண் கூசி மங்குகிறது. ஒரு நாள் படுத்தால் அன்றைய கூலி இல்லை.

ஓய்வில்லாமல் உடல் தேறாது என்று மகனுக்குச் சொல்லும் அறிவியல், உப்பு சுமக்கும் அம்மாவுக்கும் பொருந்தும். நாளை பயிற்சியாளராகப் போகும் நம் பிள்ளைகள் இதைத் தெரிந்துகொள்ளட்டும். உப்பளத்திலும் கூலியோடு வார விடுமுறை வேண்டும் என்று நாம் கேட்கிறோம்.