சில்வர் பீச்சும் கயானாவும்



விடுமுறை வந்தால் சிங்கப்பூர், துபாய் என்றுதான் பேசிக்கொள்கிறோம். இந்த இதழில் உங்களைத் தென் அமெரிக்காவின் வடகிழக்குக் கரையில் உள்ள கயானாவுக்கு அழைத்துப் போகிறேன். நேரடி விமானம் கிடையாது. ஆனாலும் அங்கே போக நமக்கு ஒரு சொந்தக் காரணம் உண்டு.

சில்வர் பீச்சுக்குப் போகும்போது தேவனாம்பட்டினத்தில் புனித டேவிட் கோட்டையின் எச்சங்களைப் பார்த்திருப்பீர்கள். இங்கே முதலில் டச்சுக்காரர்கள் வணிகம் செய்தார்கள். 1690-இல் ஆங்கிலேயர்கள் மராத்தியரிடமிருந்து கோட்டையை வாங்கினார்கள். பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம்வரை உள்ள ஊர்களும் அவர்களுக்கே என்பது ஒப்பந்தம். குண்டு உப்பலவாடி என்ற பெயர் அப்படி வந்ததுதான். கயானாவிலும் இதே கதை: முதலில் டச்சுக்காரர், பிறகு ஆங்கிலேயர். தலைநகர் ஜார்ஜ்டவுனின் பெரிய சந்தைக்கு இன்றும் ஸ்டாப்ரூக் என்ற டச்சுப் பெயர்தான்.

அடிமை முறை ஒழிந்ததும் அங்கே கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. 1838-இல் கல்கத்தாவிலிருந்து முதல் கப்பல்கள் போயின. 1845 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றினார்கள். நன்னம்பிக்கை முனையைச் சுற்றி மாதக்கணக்கில் பயணம். 1917 வரை போன இந்தியர்கள் சுமார் 2,39,000 பேர். அதில் சென்னை வழியாகப் போனவர்கள் ஏறத்தாழ 15,000 பேர். பெரும்பாலோர் திரும்பவில்லை.

அவர்களை அங்கே 'மதராசி' என்றார்கள். பேச்சுத் தமிழ் போய்விட்டது. ஆனால் மாரியம்மன் போகவில்லை. பெர்பிஸ் பகுதிக் கோயில்களில் வேப்பிலையும் கரகமும் தப்பும் இன்றும் உண்டு. கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு வீராசாமி பெருமாள் என்ற கயானா வீரரைத் தெரிந்திருக்கும். 2015 முதல் 2020 வரை பிரதமராக இருந்த மோசஸ் நாகமுத்துவும் இந்த வழியில் வந்தவரே.

அங்கிருந்து முன்னோரின் ஊரைத் தேடி இங்கே வருபவர்கள் கையில் கொண்டுவருவது பழைய பதிவேட்டில் ஆங்கிலேய எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதிய ஓர் ஊர்ப்பெயர் மட்டுமே. அதைச் சரியாகப் படித்துச் சொல்ல உள்ளூர்க்காரர்களால்தான் முடியும்.

உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். 'கப்பலேறிப் போனவர் திரும்பவே இல்லை' என்று யாரைப் பற்றியாவது சொன்னால், பெயரையும் ஊரையும் குறித்து வையுங்கள். சங்க அலுவலகத்தில் கொடுத்தால் அடுத்த இதழில் வெளியிடலாம்.