எதிரி எழுதிவைத்த தூண்

போன மாதம் பேத்தி கல்யாணத்துக்குப் பட்டெடுக்கக் காஞ்சிபுரம் போனோம். காலையில் படப்பையில் வேன் ஏறி, ஒரகடம், வாலாஜாபாத் வழியாகப் போய்ப் பத்து மணிக்குக் கடையில் உட்கார்ந்தாயிற்று. மூன்றாவது புடவையை விரிக்கும்போதே இது மத்தியானம் வரை போகும் என்று தெரிந்துவிட்டது. "இங்க உட்கார்ந்து கொட்டாவி விடறதுக்கு, எங்கயாவது போயிட்டு வாங்க" என்றாள் மனைவி. ஆட்டோ பிடித்துக் கைலாசநாதர் கோயிலுக்குப் போனேன்.

முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் வரலாறு சொல்லிக்கொடுத்தவன் நான். பிள்ளைகளைச் சுற்றுலா அழைத்துக்கொண்டு மூன்று தடவை இங்கே வந்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் தலை எண்ணுவதிலேயே நேரம் போய்விடும். நிதானமாகப் பார்த்தது இப்போதுதான்.

ராஜசிம்மன் என்ற இரண்டாம் நரசிம்மவர்மன் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மணற்கல்லில் எழுப்பிய கோயில் இது. சுற்றிலும் 58 சிறு சன்னதிகள். சில மாடங்களில் பழைய ஓவியத்தின் மிச்சம் இன்னும் இருக்கிறது. முன்மண்டபத்துத் தூண் ஒன்றில் கன்னடக் கல்வெட்டு. எனக்குக் கன்னடம் படிக்கத் தெரியாது. அதில் உள்ள செய்தி மட்டும் தெரியும்.

நம் பக்கத்து ஊர் மணிமங்கலத்தில் பல்லவர்கள் இரண்டாம் புலிகேசியைத் தோற்கடித்ததைக் கூரம் செப்பேடு சொல்கிறது. அதன் பிறகு, 642 வாக்கில், முதலாம் நரசிம்மவர்மன் வாதாபியையே பிடித்தான். "நம்ம ஊர்ல ஆரம்பிச்ச சண்டைடா!" என்று வகுப்பில் நான் சொன்னால் பிள்ளைகள் பெஞ்சைத் தட்டுவார்கள்.

ஏறக்குறைய நூறு வருஷம் கழித்து, புலிகேசியின் வம்சத்தில் வந்த இரண்டாம் விக்கிரமாதித்தன் படையோடு காஞ்சிக்குள் நுழைந்தான். பழைய கணக்கைத் தீர்க்க நல்ல சமயம். ஆனால் அவன் ஊரை அழிக்கவில்லை. இந்தக் கோயிலின் செல்வத்தைப் பார்த்துவிட்டு, அதை எடுத்துக்கொள்ளாமல் சுவாமிக்கே திருப்பிக் கொடுத்தான். தூணில் இருப்பது அந்தச் செய்திதான். அவனுடைய ராணி லோகமகாதேவி, காஞ்சி வெற்றியின் நினைவாகப் பட்டடக்கல்லில் விருபாட்சர் கோயிலைக் கட்டினாள். அது கைலாசநாதர் கோயிலின் சாயலில் இருக்கும்.

தூணருகே நின்றபோது எனக்கு இன்னொன்று தோன்றியது. விக்கிரமாதித்தன் போன பிறகு ஊர் திரும்பவும் பல்லவர் கைக்கு வந்தது. தங்கள் தோல்வியைச் சொல்லும் அந்த எழுத்தை உளியால் செதுக்கி எடுக்க அவர்களுக்கு எத்தனை நாழிகை ஆகியிருக்கும்? செய்யவில்லை. அதே மாதிரி நரசிம்மவர்மனின் கல்வெட்டும் வாதாபிப் பாறையில் இன்றைக்கும் இருக்கிறது. ஒருவர் ஊரில் மற்றவர் எழுத்து, ஆயிரத்து இருநூறு வருஷங்களுக்கு மேலாக.

வாதாபியை முப்பது வருஷமும் உரக்கச் சொன்னேன். விக்கிரமாதித்தன் பாடத்தில் ஒரு வரியாக வருவான். பரீட்சைக்கு வராது என்று தாண்டிப் போய்விடுவேன். ஜெயித்தவன் கை நீட்டாமல் போனதைச் சொல்லியிருந்தால் பிள்ளைகள் பெஞ்சைத் தட்டியிருக்க மாட்டார்கள். ஆனாலும் சொல்லியிருக்க வேண்டும்.

கடைக்குத் திரும்பியபோது மாம்பழ நிறமா, அரக்கா என்று இன்னும் முடிவாகவில்லை. என்னிடம் படித்தவர்கள் யாராவது இதைப் படித்தால், அன்றைக்கு நான் விட்டுவிட்ட பாடம் இது.