புகைபிடிக்கும் அறை: காற்றோட்டம் எதுவரை காக்கும்?

2003ஆம் ஆண்டின் புகையிலைப் பொருட்கள் சட்டம் (கோட்பா) நான்காம் பிரிவில் பொது இடங்களில் புகைபிடிப்பதைத் தடைசெய்கிறது. கூடவே ஒரு விலக்கும் தருகிறது: குறைந்தது 30 அறைகள் உள்ள விடுதி, 30 இருக்கைகள் உள்ள உணவகம், விமான நிலையம் ஆகியவை இதற்கெனத் தனி அறை வைத்துக்கொள்ளலாம். அவ்வறைக்கு நாற்புறமும் முழுச் சுவர், தானே மூடிக்கொள்ளும் கதவு, புகையை நேரே வெளியேற்றும் அமைப்பு, சுற்றுப்புறத்தைவிடக் குறைந்த காற்றழுத்தம் வேண்டும் என்கின்றன 2008ஆம் ஆண்டு விதிகள். இவை அத்தனையும் பழுதின்றி நடந்தாலும் விலக்குக்கு நியாயமில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

கணக்கு எளியது. ஒரு சிகரெட் ஏறத்தாழ 10 மில்லிகிராம் நுண்துகளை உமிழ்வதாகக் கொள்வோம். பத்தடிக்குப் பத்தடி அறையின் கொள்ளளவு சுமார் 30 கன மீட்டர். புகை பரவியதும் ஒரு கன மீட்டரில் 330 மைக்ரோகிராம் சேர்ந்துவிடும். உலக சுகாதார நிறுவனம் 2021இல் வகுத்த 24 மணி நேரச் சராசரி வரம்பு 15. அறைக் காற்று மணிக்கு ஒருமுறை மாறினால், ஒரே சிகரெட்டின் புகை அந்த அளவுக்கு இறங்க மூன்று மணி நேரம் ஆகும். மணிக்கு ஒரு சிகரெட் எரிந்துகொண்டிருந்தாலோ, சராசரி 15ஐத் தாண்டாதிருக்கக் காற்று மணிக்கு 22 முறை மாற வேண்டும். புகைபிடிக்கும் அறையில் ஒருவர் மட்டுமா பற்றவைக்கிறார்? கூரை விசிறி புகையைக் கலக்கிவிடுமே தவிர வெளியேற்றாது. ஸ்பிளிட் ஏ.சி. உள்ளிருக்கும் காற்றையே திரும்பத் திரும்பக் குளிர்விக்கிறது; அதன் வலை தூசியைப் பிடிக்கும், மைக்ரானுக்கும் குறைந்த புகைத்துகளைப் பிடிக்காது.

துகளோடு கதை முடிவதில்லை. நிகோடின் சுவரிலும் திரையிலும் மெத்தையிலும் படிந்து, பிறகு மெல்ல மெல்லக் காற்றில் கலக்கிறது. எக்ஸாஸ்ட் விசிறிக்கு அங்கே வேலையில்லை.

'முழுவதும் போகாவிட்டாலும் பாதி குறைந்தால் ஆபத்தும் பாதியாகுமே' என்பது விடுதித் தரப்பின் வலுவான வாதம். ஆனால் இதய நோயைப் பொறுத்தவரை அளவுக்கும் ஆபத்துக்கும் உள்ள உறவு நேர்கோடு அன்று. குறைந்த புகையிலேயே ஆபத்து செங்குத்தாக ஏறிவிடுகிறது. பிறர் விடும் புகைக்குப் பாதுகாப்பான அளவு என ஒன்றில்லை என்று அமெரிக்க சர்ஜன் ஜெனரலின் 2006 அறிக்கை முடிவு கூறியது. அதற்கு முந்திய ஆண்டிலேயே, காற்றோட்டத்தைத் தொழிலாகக் கொண்ட பொறியாளர்களின் அமைப்பான ஆஷ்ரே, கட்டடத்துக்குள் புகைபிடிப்பதைத் தடுப்பதே பயனுள்ள ஒரே வழி என அறிவித்துவிட்டது. விசிறி விற்பவர்களே விசிறி போதாது என்ற பின் வேறு சாட்சி எதற்கு?

சமையல் புகைக்கும் நெரிசலான வகுப்பறைக்கும் காற்றோட்டம் அருமருந்து, அதை மறுக்கவில்லை. சமைக்காமல் இருக்க முடியாது, சிகரெட்டை வெளியே போய்ப் பிடிக்க முடியும். சாம்பல் கிண்ணத்தைக் காலி செய்ய அந்த அறைக்குள் தினமும் போகும் பணியாளருக்கோ அத்தகைய தேர்வு கிடையாது. நான்காம் பிரிவின் விலக்கை நாடாளுமன்றம் நீக்க வேண்டும்.