நம் வரலாறு எந்த அலமாரியில்?



1930இல் வாஷிங்டன் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் கறுப்பின மக்கள் குறித்த நூல் தொகுப்பின் பொறுப்பை ஏற்றவர் டொரதி போர்ட்டர் என்ற கறுப்பினப் பெண். அன்றைய நூலகங்கள் டூயி பகுப்பு முறையில் கறுப்பர் நூல்களை இரண்டே எண்களுக்குள் அடைத்தன: 325 குடியேற்றம், 326 அடிமைமுறை. கறுப்புக் கவிஞரின் கவிதை நூலும் அங்கேதான் போகும். போர்ட்டர் இதை மறுத்தார். கவிதையைக் கவிதையிலும் வரலாற்றை வரலாற்றிலும் வைத்தார். நூல் வாங்கப் பணமில்லாதபோது பதிப்பகங்களிடம் கேட்டுப் பெற்றார். 1973இல் ஓய்வுபெறும்வரை, 43 ஆண்டுகள், இதுவே அவர் பணி.

நமக்கும் இது புதிதல்ல. அயோத்திதாசர் 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கி, 1914இல் மறையும்வரை நடத்தினார். அந்த எழுத்துகள் அலாய்சியஸ் தொகுப்பில் 1999இல்தான் பரவலாக வாசகர் கைக்கு வந்தன. இடையில் 85 ஆண்டுகள். அவ்வளவு காலமும் இதழ்களைக் காத்தவை பெரிய நூலகங்கள் அல்ல. அன்பு பொன்னோவியம் போன்றோரின் வீடுகள். 1869 முதல் வெளிவந்த தலித் இதழ்களில் பல இன்று வெறும் பெயராக மட்டுமே மிஞ்சியிருக்கின்றன. காக்க ஒரு வீடு கிடைத்தது பிழைத்தது, கிடைக்காதது அழிந்தது.

இன்று ஸ்கேனர் இருக்கிறது, கைபேசி இருக்கிறது. ஆனால் மின்மயமாக்கல் என்பது படம் பிடிப்பது மட்டுமன்று. தலைப்பு, ஆண்டு, அச்சகம், ஊர், யார் வீட்டிலிருந்து வந்தது என்ற விவரங்கள் இல்லாத கோப்பு, பூட்டிய அறையில் கிடக்கும் புத்தகம்தான். எழுதியவர் தம்மைப் ‘பறையன்’ என்றோ ‘ஆதிதிராவிடர்’ என்றோ ‘பூர்வ பௌத்தர்’ என்றோ எப்படிச் சொன்னாரோ, அப்படியே பதிய வேண்டும். தேடுவோர் வசதிக்காக எல்லாவற்றையும் ‘அரிசனர்’ என்ற தலைப்பில் போட்டால், அயோத்திதாசரை நாமே 326இல் அடைத்தவர்கள் ஆவோம்.

பொன்மலையில் 1946 செப்டம்பர் 5 துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்த 5 தொழிலாளர்களை ஆண்டுதோறும் நினைவுகூர்கிறோம். அந்தப் பணிமனையில் உழைத்த நம் பாட்டன்மாரின் சங்கச் சீட்டும் கூட்ட நோட்டீசும் எந்த அட்டவணையில் இருக்கின்றன? பரணில் இருக்கும் தகரப் பெட்டிகளை இந்த மாதமே இறக்குங்கள். வீட்டாரின் சம்மதத்தோடு படியெடுங்கள். மூலத்தை அவர்களிடமே திருப்பிக் கொடுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஐந்து வரி விவரம் எழுதுங்கள். அந்த ஐந்து வரியை நாம் எழுதாவிட்டால், நமக்கான எண்ணை வேறொருவர் எழுதுவார்.