ஒரு கையொப்பம், ஒரு தலைமுறைச் சுமை

அமெரிக்காவில் மாநிலத்துக்கு அடுத்த நிலையில் இயங்கும் நிர்வாக அமைப்பு 'கவுன்டி'. பெரும்பாலும் மக்கள் தேர்ந்தெடுக்கும் ஆணையர்களே அதை ஆள்கின்றனர். ஒப்பந்தம் வழங்குவதும் கடன் வாங்குவதும் அவர்களது அதிகாரம்.

அந்த அதிகாரம் மக்களின் தலையில் எவ்வளவு சுமையை ஏற்றக்கூடும் என்பதற்கு, அலபாமா மாநிலத்தின் ஜெபர்சன் கவுன்டியே சான்று. ஆறுகளில் கழிவுநீர் கலப்பதைத் தடுக்க 1996-இல் நீதிமன்றம் மூலம் உடன்பாடு ஏற்பட்டது. பணி அவசியமானதே. ஆனால், அதற்கான கடன் 300 கோடி டாலரைத் தாண்டியது. போதாக்குறைக்கு, மாறும் வட்டிக் கடன்களும் சிக்கலான வட்டிப் பரிமாற்ற ஒப்பந்தங்களும் சேர்ந்தன. 2008 நிதி நெருக்கடியில் கணக்குகள் பொய்த்தன. 2011 நவம்பரில் கவுன்டி திவால் மனு அளித்தது.

ஆணையத் தலைவராக இருந்த லாரி லாங்ஃபோர்ட், கடன்பத்திரப் பணிகளை நண்பரின் நிறுவனத்துக்கு அளிக்கக் கையூட்டுப் பெற்ற வழக்கில் 2010-இல் 15 ஆண்டு சிறைத் தண்டனை பெற்றார். அவர் பெற்றது சில லட்சம் டாலர். மக்கள் சுமப்பதோ பல நூறு கோடி. 2013 இறுதியில் கவுன்டி திவாலிலிருந்து மீண்டது, கழிவுநீர்க் கட்டணத்தை ஆண்டுதோறும் உயர்த்தும் திட்டத்துடன்தான்.

விற்பவருக்கு எல்லாம் தெரியும், வாங்குபவருக்கு எதுவும் தெரியாது என்ற நிலையில் போடப்படும் ஒப்பந்தம் நியாயமானதாக அமையாது. வெளிப்படையான ஒப்பந்தப்புள்ளியும், வங்கியைச் சாராத ஆலோசகரும் இதற்கான காப்பு. கையொப்பமிட்டவர்கள் பதவியைவிட்டுப் போய்விடுவார்கள். கட்டணச் சீட்டு மட்டும் மாதந்தோறும் வந்துகொண்டிருக்கும்.